சுங்குவார்சத்திரத்தில் ஆழ்கடலுக்கு ஆள் தேடி

தாம்பரத்தில் காலை பதினொன்றரைக்கு வாலாஜாபாத் பேருந்தில் ஏறும்போதே பயம் தொற்றிக்கொண்டது. ஒரகடத்துக்கு டிக்கெட் இருபத்தெட்டு ரூபாய். தூரம் இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். சொன்னால் சிரிப்பீர்கள். ஆழ்கடலுக்குள் போகக் கற்றுத்தருகிற ஒருவரைத் தேடி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே போய்க்கொண்டிருந்தேன்.

நானும் என் மனைவி மாலதியும் சில வருடங்களாகப் புதுச்சேரிக் கடலில் ஸ்கூபா முங்குகிறவர்கள். முதுகில் ஒரு காற்று சிலிண்டர், இருபது மீட்டர் ஆழம், நாலு மீனைப் பார்த்துவிட்டு மேலே வந்து டீ. எனக்கு அது போதும். மாலதிக்குப் போதவில்லை. நாற்பத்தைந்து மீட்டரில் மூழ்கிக் கிடக்கிற ஒரு பழைய கப்பலைப் பார்த்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அதற்கு டெக்னிக்கல் டைவிங் என்ற தனிப் பயிற்சி வேண்டும். போனால் இரண்டு பேருமாகத்தான் என்று நானும் சொல்லிவைத்திருந்தேன்.

என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். சாதாரணமாக முங்குகிறவர் பயந்துபோனால் மெதுவாக மேலே வந்துவிடலாம். அந்த ஆழத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டால் அது நடக்காது. உடம்பில் கரைந்த வாயு வெளியேற வேண்டும். அதற்காக வழியில் அங்கங்கே நின்று நின்றுதான் ஏற வேண்டும். அவசரப்பட்டு ஏறினால் கைகால் முடங்கலாம், உயிரே போகலாம். இரண்டு மூன்று சிலிண்டர்களில் வெவ்வேறு வாயு வேறு. எந்த ஆழத்தில் எதைச் சுவாசிப்பது என்பதில் தவறினால் நீருக்கடியிலேயே வலிப்பு வரும். இதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பயிற்சி தர ஒருவர் கிடைத்தார். “நாலே நாள் மேடம், எதுக்குமே பயப்பட வேணாம்” என்றார். மாலதி குஷியாகிவிட்டாள். காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டுப் பிரிவிலேயே காலம் தள்ளியவன் நான். ஒன்றும் ஆகாது என்று சொன்னவர்களின் கதைகள்தான் தினமும் என் மேஜைக்கு வரும். இவர் வேண்டாம் என்றேன்.

“பயந்தாங்கொள்ளி! சரி, சனிக்கிழமை எனக்கு ஸ்கூல்ல பரீட்சை டியூட்டி. நீங்க வேற ஆளைக் கண்டுபிடிங்க. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள போன் வரலேன்னா இவருக்கே சரின்னு சொல்லிடுவேன். திங்கக்கிழமை கிளாஸ்” என்றாள். சொன்னால் செய்கிறவள். புதுச்சேரி நண்பர் ஒருவர் ஜெனிஃபர் என்ற பெயரைக் கொடுத்தார். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு இன்ஜினியர். விடுமுறை நாட்களில் பயிற்சி தருகிறவர்.

படப்பை தாண்டியதும் சாலை அகன்றது. கன்டெய்னர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் எங்கள் பேருந்தை ஓரங்கட்டின. ஒரகடம் கூட்டு ரோட்டில் இறங்கியபோது மணி பன்னிரண்டே முக்கால். இரண்டரைக்கு ஷிப்ட் முடிந்து ஜெனிஃபர் வருவதாகப் பேச்சு. தென்மாவட்டத்துப் பையன்கள் நிறைந்திருந்த ஒரு மெஸ்ஸில் எண்பது ரூபாய்ச் சாப்பாட்டை வாங்கி வைத்துக்கொண்டு, சாம்பாரைத் தாண்ட முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டரைக்கு ஆள் வரவில்லை, செய்திதான் வந்தது. உற்பத்தி லைன் நின்றுவிட்டது, ஓவர்டைம் பார்க்க வேண்டும், ஐந்து மணிக்குச் சுங்குவார்சத்திரத்தில் இருக்கும் தன் அறைக்கு வர முடியுமா? எனக்குப் பகீரென்றது. ஆறு மணிக் கெடுவுக்கு ஒரு மணி நேரம்தான் மிஞ்சும். சொன்ன நேரத்துக்கு வராதவரை நம்பி மாலதியை எப்படிக் கடலில் இறக்குவது? வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்திருந்தால் மட்டும் நம்பியிருப்பேனா? இரண்டு பக்கமும் நானே வாதாடி இரண்டிலும் தோற்றேன்.

ஸ்ரீபெரும்புதூருக்கு ஷேர் ஆட்டோ. முப்பது ரூபாய். டிரைவருக்குப் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே தொங்க இடம் கிடைத்தது.

“இன்னா சார், கம்பெனில இன்டர்வியூவா? மூஞ்சி வெளிறிக் கீது?”

“இல்லைங்க. கடலுக்குள்ள முங்கக் கத்துக்கொடுக்கறவங்களைப் பாக்கப் போறேன்.”

வண்டியே ஒரு குலுங்கு குலுங்கியது. “இங்க ஏது சார் கடலு? ஏரிதான் கீது. முங்குனா சேத்தோட வருவே.” கொஞ்ச தூரம் போனதும் தானாகவே கேட்டார்: “வூட்ல சொல்லிக்கினுதான வந்தே?”

“வீட்டுலதான் அனுப்பினாங்க.”

“அப்ப சரி. ஒண்ணும் பண்ண முடியாது” என்றார். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அங்கிருந்து இன்னொரு பேருந்து பிடித்து சுங்குவார்சத்திரத்தில் இறங்கும்போது ஐந்தாகியிருந்தது. நெடுஞ்சாலையை ஒட்டிய தெருவில் மாடி அறை. கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“சிலிண்டர் பொண்ணத் தேடிக்கினு வந்தியா? மொத மொத அத்தினி சிலிண்டர் வந்து எறங்கச்சொல்ல, கேஸ் கம்பெனி வெக்குதோன்னு கத்திட்டேன். அப்பால பாத்தா கடலுக்குள்ள போவுதாம். இன்னா தைரியம்! குந்து, வந்துடும்.”

ஐந்து இருபதுக்கு கம்பெனி பஸ் வந்து நின்றது. ஜெனிஃபர் சீருடையோடு ஓடிவந்தார். முப்பது வயதிருக்கும், தூத்துக்குடிக்காரர். “மன்னிச்சுக்கிடுங்க அண்ணே, ரொம்பக் காக்க வச்சுட்டேன். மேல வாங்க, இரிங்க” என்றவர், கால்மணி நேரத்தில் டீ போட்டுக்கொண்டே நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார். எத்தனை நாள்? “நாள்கணக்கு கிடையாது. பழக்கம் வந்தா வரும், வராட்டி வராது.” யாரையாவது திருப்பி அனுப்பியிருக்கிறீர்களா? “போன தடவை மூணு பேர்ல ரெண்டு பேர.” உங்களுக்கே பயம் வந்திருக்கிறதா? “பின்ன? வராட்டி நான் அன்னிக்கு எறங்க மாட்டேன்.”

கையிலிருந்த டீ அப்போதுதான் தொண்டையில் இறங்கியது. “நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துக்கறோம்” என்றேன். மணி ஐந்து நாற்பது.

“ஆழமாப் போற ஆசை யாருக்கு?”

“ரெண்டு பேருக்கும்தான்.”

அவர் எழுந்துபோய் மூலையில் நின்ற சிலிண்டர்களைத் தொட்டார். அவற்றைச் சுற்றிய சங்கிலியில் ஒரு சிவப்புப் பூட்டு தொங்கியது. அதில் அவர் பெயர் ஒட்டியிருந்தது.

“எங்க பிளான்ட்ல மிஷினுக்குள்ள கை வைக்கதுக்கு முன்னாடி, மெயின் சுவிட்ச அணைச்சு, வேற யாரும் போட்டுராம அவுகவுக பூட்ட மாட்டணும். அஞ்சு பேரு உள்ள போனா அஞ்சு பூட்டு. அவன் சாவி அவன் பையிலதான் இருக்கணும். ஒரு பய, கூட்டாளி டீ குடிக்கான்னு அவன் பூட்டையும் சேத்துத் தானே மாட்டிட்டான். அன்பாத்தான் செஞ்சான். அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிட்டோம்.”

“எதுக்கு? நல்லதுதானே செஞ்சான்?”

“அடுத்தவன் பூட்ட நாம மாட்டுனா, அவன் உள்ள இருக்கானா வெளிய இருக்கானான்னு அவனுக்கே நெனப்பு இருக்காது அண்ணே.” டம்ளரைக் கீழே வைத்தார். “நீங்க அக்காவுக்கும் சேத்துப் பூட்டு மாட்ட வந்திருக்கிய. கீழ போகணும்னு ஒங்களுக்கு ஆசையே இல்ல. அவுகளுக்கு என்னமும் ஆயிருமோன்னு காவலுக்கு வாறிய. சரியா?”

எனக்குச் சுருக்கென்றது. “ஆமா. அவ இல்லாம மேல தனியா உக்காந்திருக்கறத நெனச்சா பயமா இருக்கு” என்றேன். சொன்னபோது கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் இல்லை.

“அப்ப ஒங்கள நான் எடுக்க மாட்டேன். எங்கிட்ட அக்காவே பேசட்டும்.”

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க மாலதியை அழைத்தேன்.

“என்ன, ஆள் கிடைச்சாங்களா?”

“கிடைச்சாங்க. உனக்கு மட்டும். என்னைச் சேர்த்துக்க மாட்டாங்களாம்.”

அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு. “அப்பாடா!” என்றாள்.

“என்ன அப்பாடா?”

“கோச்சுக்காதீங்க. கீழ எனக்குக் கப்பலைப் பாத்து பயமில்ல. பக்கத்துல உங்க கண்ணு ரெண்டும் பிதுங்கிக்கிட்டு இருக்குமே, அதை நெனச்சுத்தான் பயந்துக்கிட்டு இருந்தேன்.”

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போனை ஜெனிஃபரிடம் நீட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: “அக்கா, தண்ணிக்குள்ள கடைசியா எப்பம் பயந்திய?” மாலதி நெடுநேரம் பேசினாள். எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. இத்தனை நேரம் சொல்வதற்கு அவளிடம் பயம் இருந்தது என்பதே எனக்குப் புதுச் செய்தி. “சரிக்கா, வாங்க” என்று ஜெனிஃபர் முடித்தார். நாலு நாள் பயிற்சிக்காரருக்கு வேண்டாமென்று சொல்லிவிடுவதாக மாலதியிடமிருந்து செய்தி வந்தது.

படியிறங்கும்போது ஜெனிஃபர் பின்னாலேயே வந்தார். “அண்ணே, சும்மா போறியளே? படகுல மேல ஒரு ஆளு வேணும். கடியாரத்தையும் தண்ணியில வாற குமிழையும் பாத்துக்கிட்டே, ஆக்சிஜன தயாரா வச்சுக்கிட்டு ஒக்காரணும். பயப்படாத ஆளா இருந்தா போன நோண்டிக்கிட்டு ஒறங்கிருவான். நீங்க வருவியளா?”

வருகிறேன் என்றேன். இந்த முறை யாருக்காகவும் சேர்த்துச் சொல்லவில்லை.

தாம்பரம் திரும்பும் பேருந்தில் நிற்கத்தான் இடம். ஷிப்ட் முடிந்த பிள்ளைகள் கம்பியைப் பிடித்தபடியே தூங்கினார்கள். எங்கெங்கிருந்தோ கிளம்பி இந்தப் பக்கம் வருகிறவர்கள் வேலை தேடித்தான் வருகிறார்கள். வீட்டில் இத்தனை வருடம் கேலிக்கு மட்டுமே ஆளாகிவந்த என் பயத்துக்கும் இங்கேதான் ஒரு வேலை கிடைத்தது. மாலதி கீழே இருக்கிற அந்த நேரத்தை நினைத்தேன். பயம் மறுபடியும் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.