எல்லைக்கல்லுக்கு முன் கழற்றிய செருப்பு

நாங்கள் மலைக்காரர்கள் என்பதை என் அப்பா வாயால் ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். அதற்காகத்தான் அவரை அந்தப் படத்துக்குக் கூட்டிப்போனேன். என்ன படம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கன்னத்தில் ஒன்று விழுந்திருக்கும்.

ஆறாவது படிக்கும்போது கூடப் படிப்பவனிடம், எங்கள் சொந்த ஊர் கொல்லிமலை என்று கெத்தாகச் சொல்லித் தொலைத்தேன். அந்த நாய் நேரே வீட்டுக்கே வந்து, நீங்கள் காட்டில் வேட்டையாடுவீர்களா என்று அப்பாவிடம் கேட்டுவிட்டான். அப்பா சிரித்துக்கொண்டே, நாங்கள் வாழப்பாடிப் பக்கம் என்று சொல்லி அனுப்பினார். கதவைச் சாத்தினார். வெல்டிங் ஒயரை மடித்து என் கெண்டைக்காலில் விளாசினார். தடுக்க வந்த அம்மாவுக்கும் இரண்டு. ஆறு தழும்பு இன்னும் இருக்கிறது, எண்ணிப் பார்க்கலாம்.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் அவர் வெல்டர். ஊர்க்காரர்களே தோற்கும் அளவுக்கு ஏனுங்க, ஆமாங்க போட்டுப் பேசுவார். அன்றைக்குப் பகல் காட்சிக்குப் பட்டறைக் கூட்டாளியையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். பன்னிரண்டு வருடமாக இருவரும் ஜோடி. கூட்டாளி என்னைச் சாமி சாமி என்று கூப்பிடுவார், தங்கமான மனுசன்.

படத்தில் டவுனில் வளர்ந்த பையன் ஒருத்தன், சித்தப்பா சாவுக்காக முதல் தடவை மலைக்குப் போகிறான். ஊர் எல்லைக்கல் வருகிறது. எங்கள் ஊரிலும் அப்படி ஒரு கல் உண்டு. அதைத் தாண்டும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் சின்னதில் ஒருமுறை போனதோடு சரி. சட்டென்று கீழே பார்த்தேன். அப்பாவின் செருப்பு கழன்று சீட்டுக்கு அடியில் கிடந்தது. வெறுங்காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

திரையில் அந்தப் பையன் ஷூவோடு கல்லைத் தாண்டினான். ஊரே மறித்தது. கூட்டாளி சிரித்தார்.

“கோவணத்துக்கே வழியில்ல, சட்டம் பேசறானுங்க பாருங்ண்ணா. நாலு பேரப் புடிச்சாந்து நம்ம பட்டறையில கட்டிப்போட்டா வேலையாவது பழகுவானுங்க.”

பின்வரிசையும் சிரித்தது. அப்பா திரும்பவே இல்லை. முழங்கையை மட்டும் வீசினார். கூட்டாளியின் வாயில் நச்சென்று இறங்கியது. அவர் கையிலிருந்த எவர்சில்வர் பாட்டிலால் திருப்பி அடித்தார். அப்பாவின் புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. அப்பா அவர் சட்டையைப் பிடித்துச் சீட்டோடு சேர்த்து அழுத்தி, குத்து மேல் குத்து. நான் இழுத்தேன், எனக்கும் ஒன்று விழுந்தது.

“உனக்கு வெல்டிங் புடிக்கப் பழக்கிவுட்டவனே ஒரு மலைக்காரன்தான்டா” என்றார் அப்பா.

அடிப்பதை நிறுத்தியதும் அதோடுதான். தியேட்டர் ஆட்கள் எங்களைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள்.

வண்டி நிறுத்துமிடத்தில் வெயில் கொதித்தது. அப்பா வெறுங்காலோடு நின்றார். கொஞ்ச நேரத்தில் கூட்டாளி வந்தார். உதடு வீங்கித் தொங்கியது. கையில் அப்பாவின் செருப்பு. அதை அப்பாவின் நெஞ்சைப் பார்த்து விட்டெறிந்தார்.

“பன்னண்டு வருசமா ஒரே டிபன்ல தின்னோம். ஒரு வார்த்த சொன்னீங்களாண்ணா?”

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். அப்பா செருப்பைக் குனிந்து எடுத்தார். போடவில்லை. கையில் பிடித்தபடியே வண்டியில் என் பின்னால் ஏறி உட்கார்ந்தார். பரமத்தி ரோடு திரும்பும்போது கேட்டார்.

“நாளைக்குப் பட்டறை பூராத் தெரிஞ்சிரும். இப்பச் சந்தோசமா?”

“ஆமாங்கப்பா.”

பின்மண்டையில் செருப்பாலேயே ஒன்று வைத்தார். வண்டி ஒரு ஆட்டம் ஆடி நேரானது.