பின் சீட்டுக்கு அடியில் ஒரு முனகல்

என் தம்பிக்கு ஒர்க்‌ஷாப் வட்டாரத்தில் பாம்புக்காது என்று பெயர். நான்கு கார் தள்ளி ஓடும் எஞ்சினில் ஒரு போல்ட் தளர்ந்திருந்தால் பேச்சை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்புவான். அக்காவாயிற்றே, கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்கலாம். இருபத்திரண்டு வருடமாக அவனுடைய ஷெட்டில், வண்டிக்காரர்கள் சொல்லும் குறைகளை நோட்டில் எழுதுவது என் வேலை. நடந்ததற்கு மேல் ஒரு வரி எழுதிப் பழக்கமில்லை.

பிரித்துப் பார்க்காமல் எந்த வண்டிக்கும் அவன் "ஒண்ணும் இல்ல" என்று சொன்னதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கண்ணாடிக் கடைக்காரர் ஆயில் மாற்ற வந்தார். மனைவியும் கூட வந்திருந்தார். வேறு ஏதாவது குறை உண்டா என்று கேட்டேன்.

"இல்லம்மா."

"பின் சீட்டுக்கு அடியில யாரோ முனகுறாங்க," என்றார் மனைவி.

கடைக்காரர் சிரித்தார். "அதையும் எழுதிக்குங்க. பேய்க்கு சர்வீஸ் உண்டான்னு உங்க தம்பியைக் கேளுங்க."

அவர் ஃபோன் பேச வெளியே போனதும் அந்தப் பெண் மீதியைச் சொன்னார். காரில் முன் சீட்டு மாமியாருக்கு. பின்னால் இவர் தனியாக. இரண்டு மாதமாக, வாயைப் பொத்திக்கொண்டு யாரோ அழுவது போலக் கேட்கிறது. முன்னால் பாட்டு ஓடுவதால் அவர்களுக்குத் தெரிவதில்லை. வீட்டில் முதலில் கேலி செய்தார்கள். பிறகு பேச்சையே குறைத்தார்கள். வியாழக்கிழமை மனநல டாக்டர். அதன் பிறகு இவர் மட்டும் 'கொஞ்ச நாள்' அம்மா வீட்டில், மகள் அப்பாவோடு இங்கேயே.

"கொஞ்ச நாள்னா எவ்வளவு நாள்னு கேட்டேன்க்கா. யாரும் சொல்லல."

தம்பி கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "எப்பம்மா கேக்கும்?"

"மத்தியானம். வெயில்ல நின்ன வண்டியில ஏறினா."

"அப்ப மீட்டர்ல பெட்ரோல் எத்தனை கோடு இருக்கும்?"

அவர் அவனையே பார்த்தார். அதுவரை அவரிடம் யாரும் இப்படி விவரம் கேட்டதில்லை போலும். "ஒரு கோடு. இவர் அதுக்கு மேல போடவே மாட்டார்."

"வண்டி ரெண்டு மணி வரைக்கும் வெயில்லயே நிக்கட்டும். சாரும் வரணும்."

இரண்டு மணிக்குக் கடைக்காரரைப் பின் சீட்டில் உட்கார வைத்தான். மனைவி ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில். கண்ணாடிகளை ஏற்றி, பாட்டை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டோம். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு சீட்டுக்குக் கீழிருந்து மெல்லிசாக ஒரு இழுப்பு எழுந்தது. ஏறியது, தேய்ந்தது, மறுபடி ஏறியது. எத்தனையோ வண்டிகளில் பெட்ரோல் பம்ப் இரைவதைக் கேட்டிருக்கிறேன். இது நடுநடுவே மூச்சு வாங்கியது. திரும்பிப் பார்த்தபோது கடைக்காரர் இரண்டு கால்களையும் சீட்டின் மேல் தூக்கி வைத்திருந்தார்.

"நிறுத்து," என்றார்.

தம்பி பம்புக்கான ஃபியூஸைப் பிடுங்கி, குழாயில் மிச்சமிருந்த பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் தானாக அணையும்வரை காத்திருந்தான். பேட்டரி வயரைக் கழற்றினான். பின் சீட்டைத் தூக்கி, ஒரு துகள்கூட உள்ளே விழாதபடி டேங்க் மூடியைச் சுற்றியிருந்த தூசியை ஊதித் துடைத்தான். அதன் பிறகுதான் மூடியைத் திருகி பம்பை வெளியே எடுத்தான். அதன் அடியிலிருந்த ஃபில்டர் வலை கரிக்கட்டை போல இருந்தது.

"பம்ப் டேங்க்குக்கு உள்ளயே இருக்கு சார். சுத்தி பெட்ரோல் நின்னாத்தான் அதுக்குக் குளிர்ச்சி. நீங்க அடியில கொஞ்சூண்டு வெச்சே ஓட்டுறீங்க. ஃபில்டரும் அடைச்சிருக்கு. மூச்சு முட்டி முனகுது. இவங்க சொன்னது சரிதான்."

புது ஃபில்டர், மூடிக்குப் புது ரப்பர் வளையம், அரை டேங்க் பெட்ரோல். சத்தம் நின்றது. வியாழக்கிழமை அவர்கள் எந்த டாக்டரிடமும் போகவில்லை.

சனிக்கிழமை அதே கார் மறுபடி வந்தது. ஓட்டி வந்தவர் மனைவி. கடைக்காரர் பின் சீட்டில், முகம் மழிக்காமல் இருந்தார்.

"இன்னும் கேக்குதுப்பா."

"எனக்குக் கேக்கல. இவர் ரெண்டு ராத்திரியா தூங்கல," என்றார் மனைவி. பிறகு என் பக்கம் திரும்பி, "அதையும் எழுதிக்குங்கக்கா," என்றார்.

தம்பி சிரிக்கவில்லை. கண்ணாடிகளை ஏற்றி எஞ்சினை ஓடவிட்டு, கடைக்காரர் பக்கத்தில் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தான். இறங்கி வந்து, "எனக்குக் கேக்கல. பிரிச்சுப் பாத்துருவோம் சார்," என்றான். ஃபியூஸிலிருந்து தொடங்கி எதையும் விடாமல் மறுபடி செய்தான். ஃபில்டர் வெள்ளையாக இருந்தது. பம்ப் ஆடாமல் உட்கார்ந்திருந்தது. டேங்கின் அடிவரை பெட்ரோல் தெளிவாகக் கிடந்தது. எல்லாவற்றையும் மூடி எஞ்சினை ஓடவிட்டான்.

"ஒண்ணும் இல்ல சார்."

கடைக்காரருக்கு அது போதவில்லை. மனைவியைப் பார்த்தார். "நீ ஒரு தடவை கேட்டுச் சொல்லேன்."

அவர் பின்னால் ஏறி, சீட்டின் மேல் உள்ளங்கையைப் பதித்து, கண்களை மூடிக்கொண்டார். அவசரப்படவில்லை. கடைக்காரர் கதவுக்கு வெளியே குனிந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லங்க. எதுவும் இல்ல."

கடைக்காரர் தலையாட்டினார். திருப்பிக் கேட்கவில்லை. மனைவி இறங்கி ஸ்டியரிங்குக்குப் போனதும், முன்பக்கம் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கார் கிளம்பிப் போனது.

அங்கிருந்த நான்கு பேரில், சத்தம் கேட்டதா என்று என்னை மட்டும் யாரும் கேட்கவில்லை. நல்லதாகப் போயிற்று. கதவருகே நின்ற என்னால் இல்லை என்று சொல்லியிருக்க முடியாது.