பிடித்தம் இல்லாத அட்வான்ஸ்

எங்கள் பக்கத்தில் அட்வான்ஸ் என்றால் தீபாவளி. எழுபது வயது தாண்டியும் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

தீபாவளிக்கு முன்னால் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் ஒரு தொகை கொடுப்பார்கள். பிறகு மாதாமாதம் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வார்கள். கொடுக்கிற அன்று மலையில் கொழுந்து எடுக்கிற பெண்களின் பேச்சே வேறு மாதிரி இருக்கும். யாருக்கு என்ன நிறத்தில் சேலை என்பதுதான் பேச்சு. அம்மா வேலை முடிந்ததும் அப்படியே ஹட்டனுக்கு இறங்கிப் போவாள். ஒரு வருஷம் திரும்பி வரும்போது நல்ல மழை. புதுத்துணியைக் கொழுந்துக் கூடைக்குள் வைத்து, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து அதன் மேல் மூடி, தான் மட்டும் நனைந்துகொண்டு வந்தாள். துணியின் கஞ்சி வாசனையும் கூடையின் பச்சைத் தேயிலை வாசனையும் ஒன்றாகக் கலந்திருந்தன. இன்றைக்கும் எனக்குத் தீபாவளி வாசனை என்றால் அதுதான்.

அப்பாவுக்கு அந்தச் சொல் வேறு மாதிரி. அவருடைய தம்பி பட்டிப்பொலயில் ரயில் பாதை வேலையில் இருந்தார். "இங்க வந்துருண்ணே, வேல இருக்கு" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பிக்கொண்டே இருப்பார். அப்பா ஆபீசுக்குப் போய்க் கேட்பார்.

"அட்வான்ஸ் இன்னும் முடியலியே. முடிச்சிட்டுப் போ" என்பார் கிளாக்கர் ஐயா.

முடிகிற நேரத்தில் அடுத்த தீபாவளி வந்துவிடும். நாங்கள் புதுத்துணிக்கு அழுவோம். அப்பா மறுபடியும் வரிசையில் போய் நிற்பார். பட்டிப்பொலவுக்கு அவர் போனது ஒரே ஒரு தடவை, சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு. என்னையும் கூட்டிப்போனார். ஸ்டேஷனில் பல் கிட்டுகிற குளிர். "இந்தக் குளிருக்கு நம்ம எடமே தேவல" என்றார். திரும்பி வரும்போது ரயில் பாதையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

சரி, வாடகை வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் மனைவிக்கு ஒரு கண்ணில் சதை வளர்ந்து, கிளினிக்குக்கு அடிக்கடி போகவேண்டி வந்தது. தோட்டத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் இறங்கி ஏறமுடியவில்லை. கொழும்பில் கடை வேலை பார்க்கும் மகன் போன வருஷம் ஹட்டனில் ஒரு மளிகைக் கடைக்குப் பின்னால் இரண்டு அறை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தான். கடையும் வீடும் ஒரு மொதலாளியம்மாவுக்குச் சொந்தம். புருஷன் இறந்த பிறகு அவரே கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கிறார். மகன் போனில் சொன்னான்:

"அப்பா, அட்வான்ஸ் விசயமெல்லாம் முடிச்சிட்டேன். ரெண்டு வருசத்துக்கு எழுதியிருக்கு. எடையில கெளம்பிறாதீங்க, என்ன?"

எனக்கு விளங்கியது இதுதான். எங்கள் பேரில் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறது. இரண்டு வருஷம் பிடிப்பார்கள். முடிகிற வரைக்கும் நகரமுடியாது. மகன் கொண்டுபோய்க் கட்டிய காசு அது என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெரிய இடத்திலிருந்து நமக்குத் தருவதற்குத்தானே அட்வான்ஸ் என்று பேர்?

வீடு நல்ல வீடு. உள்ளேயே தண்ணீர்க் குழாய். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வாழ்நாள் முழுக்கக் குடம் சுமந்த என் மனைவி, வந்த அன்று குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். கேஸ் அடுப்பு மட்டும் அவளுக்கு ஒத்துவரவில்லை, பயம். பின் இஸ்தோப்புத் தாழ்வாரத்தில் மூன்று கல்லை வைத்து விறகு எரித்தாள். கொஞ்ச நாளில் அந்தச் சுவர் கரேல் என்று ஆகிவிட்டது.

இந்த வருஷம் நோட்டன் பிரிட்ஜில் இருக்கும் மகள் கூப்பிட்டாள். மருமகன் வெளிநாடு போய்விட்டார். மூத்தது கைப்பிள்ளை, வயிற்றில் இன்னொன்று, நாள் நெருங்கிவிட்டது. இனிமேல் இங்கேயே வந்து இருங்கள் என்று அழுதாள். என் மனைவி அன்றைக்கே துணிமணியை மூட்டை கட்டிவிட்டாள்.

"எப்புடிப் போறது? அட்வான்ஸ் முடியலியே" என்றேன்.

"ஒங்கப்பா மாதிரியே பேசாதீங்க. வயித்துல இருக்கிற புள்ள, அட்வான்ஸ் முடியட்டும்னு காத்துக்கிட்டு இருக்குமா?"

காலையில் மொதலாளியம்மாவிடம் போனேன். அவர் பருப்புப் பையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நாங்க மக வீட்டுக்குப் போகணும். அட்வான்ஸ்ல மிச்சம் எவ்வளவுன்னு சொன்னீங்கன்னா, மகன்கிட்ட சொல்லி மாசாமாசம் கட்டிர்றேன்."

அவர் பையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "என்ன மிச்சம்?"

"பிடிச்சது போக மிச்சம்."

"யாரு பிடிச்சா?"

"நீங்கதாம்மா."

"நானா? பெரியவரே, ஒங்க மகன்தான் எனக்கு அட்வான்ஸ் குடுத்தாரு. நீங்க போறப்ப நான்தான் ஒங்களுக்குத் திருப்பித் தரணும்."

"மாத்திச் சொல்றீங்கம்மா" என்றேன்.

கடைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். பிறகு, "ரெண்டு வருசம் முடியிறதுக்கு முந்திப் போனா ஒரு மாச வாடகைய நான் வச்சுக்கலாம்னு எழுதியிருக்கு. பரவால்ல, டீச்சரம்மா ஒருத்தவங்க வீடு கேட்டுக்கிட்டே இருக்காங்க. வாங்க, வீட்டப் பாத்துருவோம்" என்று எழுந்து வந்தார்.

பின் சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "இது என்ன கோலம்? லயத்த இங்கயே தூக்கிட்டு வந்துட்டீங்களா?"

"கேஸ்ல வைக்கிற ரசமெல்லாம் ஒரு ரசமாம்மா?" என்றாள் என் மனைவி. "நீங்களுந்தானே சளி, தடுமல் புடிச்சா ரசத்துக்குச் சொம்பக் குடுத்து அனுப்புறீங்க."

அவர் கரியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "பெயின்ட் அடிக்கிற பாஸ் ஒருத்தரக் கூட்டிட்டு வந்தா இந்தச் செவத்துக்கே பாதிக் காசு போயிரும். நீங்களே வெள்ளையடிச்சுக் குடுத்துருங்க, அட்வான்ஸ முழுசாத் தர்றேன்" என்றார்.

வெள்ளையடிப்பது எனக்குப் புதிதா என்ன? தீபாவளிக்கு முன்னால் தோட்டத்தில் சுண்ணாம்பு கொடுப்பார்கள். அதைப் பீப்பாயில் கரைத்து, கொஞ்சம் நீலம் போட்டு, லயம் முழுக்க அடிப்போம். கல்யாணமான முதல் வருஷம் நான் மேலே நின்று அடிக்க, இவள் கீழே நின்று வாளியைத் தூக்கிக் கொடுத்தாள். முகமெல்லாம் வெள்ளைப் பொட்டு. துடைக்காமலே தண்ணிக்குப் போய், பீலிக்கரைப் பெண்கள் சிரித்த சிரிப்பில் அழுதுகொண்டு வந்தாள்.

கடையில் இப்போது வாளியில் பெயின்ட் விற்கிறார்கள். முதல் தடவை அடித்ததும் கரி மஞ்சளாக எட்டிப்பார்த்தது. காயவிட்டு மறுபடி அடித்தேன். இவள் அடுப்புக் கல்லில் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"அந்த மூலைய விட்டுட்டீங்க."

"ஒனக்குத்தான் கண்ணு தெரியாதே."

"அது தெரியாத கண்ணு. நான் பாக்குறது இந்தக் கண்ணால."

சுவர் காய்ந்ததும் மொதலாளியம்மா வந்து விரலால் தொட்டுப் பார்த்தார். ஒரு உறையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். நான் அதைப் பிடித்தபடியே நின்றேன். சம்பள நாளில், பிடித்தது என்னென்ன என்று ஆபீசில் வாசிப்பார்கள். கேட்டுவிட்டு நகர்ந்துதான் பழக்கம்.

"ஏதும் பிடிக்கலியாம்மா?"

"பிடிக்கல. போங்க, பஸ்ஸ விட்டுறாதீங்க."

மகனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ஒங்க கையிலயே இருக்கட்டும்ப்பா, தங்கச்சிக்கு ஆகும்" என்றான்.

மூட்டைகளோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். தூறல் விழுந்தது. வழியில் ஒரு துணிக்கடை வாசலில் இவள் நின்றுவிட்டாள்.

"என்ன?"

"அட்வான்ஸ் கைக்கு வந்த அன்னைக்கு, துணி எடுக்காம என்னைக்கு நாம வீட்டுக்குப் போனோம்?"

மகளுக்கு ஒரு நைட்டி எடுத்தாள், பேத்திக்கு ஒரு கவுன். பிறக்கப்போவதற்கு இப்போது எடுக்கக்கூடாது என்று கைக்குழந்தைத் துணிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்சலை முந்தானைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். காசு கொடுக்க நான் உறையைப் பிரித்தபோது மெதுவாகக் கேட்டாள்:

"இத மாசாமாசம் பிடிக்க மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"அப்ப ஒங்களுக்கும் கட்டிக்க ஒரு சாரம் எடுங்க."