தண்டாயுதபாணியின் சிவந்த வால்வு

தண்டாயுதபாணி மலைக்கு வேலைக்கு வந்ததே மாமனாரிடமிருந்து தப்பிக்கத்தான். பழனி அடிவாரத்தில் மாமனாருக்குப் பஞ்சாமிர்தக் கடை. மருமகன் என்ற பெயரில் சம்பளமில்லாமல் வாழைப்பழம் பிசைய அவருக்கு ஓர் ஆள் கிடைத்திருந்தது. யுத்தம் வந்து, கொடைக்கானலில் வில்பட்டிக்கு மேலே ஒரு முகட்டில் சர்க்கார் வயர்லெஸ் கொட்டகை போட்டு ஆள் எடுத்தபோது, மனிதர் அரைகுறைப் பயிற்சியோடு மலையேறிவிட்டார். ஆகாய விமானம் தெரிந்தால் மதுரைக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சோலி.

வந்த வாரமே ஏரியல் கண்ணை உறுத்தியது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே அளந்து வெட்டிக் கட்டிய கம்பி அவருக்குச் சர்க்காரின் கஞ்சத்தனமாகப் பட்டது. கயிறு நீண்டால் வாளி தண்ணீரை எட்டுகிறது, கம்பி நீண்டால் குரல் மதுரையை எட்டாதா? கிடந்த மிச்சக் கம்பியையெல்லாம் முறுக்கிச் சேர்த்து, அடுத்த யூகலிப்டஸ் மரம்வரை இழுத்துக் கட்டினார்.

அன்றிலிருந்து குரலை அனுப்பும் பெட்டிக்குள் பல்பு மாதிரி இருந்த பெரிய வால்வு செக்கச்செவேலென்று எரிந்தது. கொட்டகையே கதகதப்பானது. கடைவீதியிலிருந்து மளிகைச் சாமான் கொண்டுவந்த கிபாயத்துல்லா, நனைந்த தொப்பியைப் பெட்டிமேல் காயவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"என்னா பவருங்க. அடுப்பு தோத்துச்சு."

"இந்த வேகத்துக்கு மதுரை என்ன பாய், மலேயாவுக்கே கேக்கும்."

மலேயா கிடக்கட்டும், மதுரைக்கே கேட்கவில்லை. ஆனால் மதுரை பேசுவது மட்டும் வேறொரு பெட்டியில் கணீரென்று வந்தது. "கொடைக்கானல், உறங்குறீங்களா? இந்த மாசத்துக்குள்ள உங்க குரல் வரலேன்னா கொட்டகைய மூடிருவோம்" என்றார் அங்கிருந்த அதிகாரி.

மூடினால் மறுபடியும் வாழைப்பழம். நினைக்கும்போதே தண்டாயுதபாணிக்குக் கை பிசுபிசுத்தது. பயம் முற்றிக் கோபமானது. தினமும் வேலை முடிந்ததும் மைக்கைப் பிடித்து அதிகாரியை வாயாரத் திட்டுவார். அங்கே கேட்டால்தானே வம்பு.

கடைசியில் மதுரையிலிருந்து சுவாமிநாதன் என்ற இன்ஜினியர் வந்தார். வால்வைப் பார்த்தவர் நேரே வெளியே போய்க் கம்பியைப் பார்த்தார்.

"ஏரியலுக்கு ஒரு அளவு இருக்குங்க. அது சேரலேன்னா நீங்க அனுப்புற சக்திய வாங்கிக்காது. முக்காவாசி போன கம்பியிலயே திரும்பி வந்துருது. இப்பச் செவக்க எரியிறது அப்படித் திரும்பி வந்ததுதான். இன்னும் கொஞ்ச நாள் விட்டா வால்வு போயிரும்."

போன சக்தி திரும்பி வருமாமே. மதுரைக்குக் கிளம்பிய பஸ் பாதியில் திரும்பிக் கொடைக்கானலுக்கே வந்து நிற்குமா என்று தண்டாயுதபாணி மனதுக்குள் சிரித்தார். மலைப்பாதையில் மண் சரிந்தால் வரும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

சுவாமிநாதன் பெட்டியை நிறுத்தச் சொல்லி, ஒட்டுக் கம்பியை வெட்டி எறிந்தார். "இப்பப் போடுங்க. மதுரையக் கூப்பிடுங்க" என்று வெளியிலிருந்தே குரல் கொடுத்தார்.

போட்டார். வால்வில் சிவப்பே இல்லை. கொட்டகை சில்லிட்டது.

"போச்சு பாய். இருந்த உசுரையும் எடுத்துட்டான்."

"தொப்பி இன்னும் காயலையேங்க" என்று அன்றும் பெட்டியருகே உட்கார்ந்திருந்த கிபாயத்துல்லாவும் வருத்தப்பட்டார்.

வேலை போய்விட்டது என்றே தண்டாயுதபாணி முடிவுகட்டினார். வழக்கம்போல மைக்கை எடுத்தார். "காதுல பஞ்ச வச்சுக்கிட்டு மதுரையில உக்காந்திருக்கானே ஒரு செவிட்டுப் பய, அவனுக்கு ஒரு மேசையும் நாற்காலியும் கேடா?"

பக்கத்துப் பெட்டி கரகரத்தது.

"கொடைக்கானல், ரொம்பத் தெளிவா கேக்குது" என்றார் அதிகாரி. "உங்க முழுப் பேரையும் சொல்லுங்க."

கொட்டகையை மூடவில்லை. அங்கே வேறு ஆள் வந்தார். தண்டாயுதபாணி பழனியில் வாழைப்பழம் பிசைகிறார். மாமனார் கடையில் இல்லாதபோதுகூட அவரைத் திட்ட வாயைத் திறப்பதில்லை.