பிள்ளையாரிடம் என் மகள் சொன்னது

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தயங்கினேன். இரண்டு தடவை நோட்டுப் புத்தகம் வாங்கி, முதல் பக்கத்தோடு நிறுத்தினேன். நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், பிழை வருமே என்ற கூச்சம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய காரணம், இந்தக் கதையை நான் முன்பே ஒரு முறை ஒருவனிடம் வாய்விட்டுச் சொன்னவன். நம்பித்தான் சொன்னேன். அவன் என்னை ஏமாற்றினான். ஆனால் அதற்கு முன்பே, என்னை நம்பிச் சொன்னவளை நான் ஏமாற்றியிருந்தேன்.

அப்போது நாங்கள் காஜா பெராங்கில் வாடகை வீட்டில் இருந்தோம். பின்னால் செட்டிகளின் கம்பம், அதாவது பல தலைமுறையாக மலாய் பேசியே வாழும் மலாக்காச் செட்டிகளின் குடியிருப்பு. எனக்கு ஒரு ரப்பர் கிடங்கில், புகைபோட்டுக் காயவைத்த ரப்பர் ஷீட்டுகளைத் தரம் பிரிக்கும் வேலை. வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டு இரண்டு தடவை குளித்தால்தான் அந்தப் புகை நாற்றம் போகும். குளித்துத் திருநீறு பூசி விளக்கேற்றுவேன். பையனுக்குப் பத்து வயது, மகளுக்கு ஏழு.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். விளக்கேற்றியதும் பிள்ளைகள் பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்று, அன்று செய்த தப்பை வாய்விட்டுச் சொல்லவேண்டும். தப்புக்குத் தக்கபடி தோப்புக்கரணம். அதற்கப்புறம் அடி கிடையாது, ஏச்சும் கிடையாது. அங்கே சொன்னது அந்த மூலையைத் தாண்டாது. இது நான் கொடுத்த வாக்கு.

பையன் பேரம் பேசுவான்.

“பிள்ளையாரே, இன்னைக்கு நான் ஒரு தப்பும் செய்யல.”

“ஒன்னுகூட இல்லையாடா?”

“நாள் முழுக்க மழைப்பா. வெளிய போகவே முடியல.”

இன்னொரு நாள், “அப்பா, நாளைக்குச் செய்யப்போற தப்புக்கும் சேத்து இன்னைக்கே போட்டுடட்டுமா?” என்றான்.

“நாளைக்கு என்னடா செய்யப்போற?”

“இப்பவே சொன்னா நீங்க செய்ய விடமாட்டீங்களே.”

மகள் அப்படியில்லை. அவளுக்குக் கணக்கு நேராக இருக்கவேண்டும். ஒரு நாள், “பிள்ளையாரே, அம்மா வச்ச ரசம் நல்லாருக்குன்னு பொய் சொல்லிட்டேன், அஞ்சு,” என்று போட்டு முடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்களும்தானே சொன்னீங்க? வாங்கப்பா,” என்றாள். அடுப்படியிலிருந்து அவள் அம்மா, “நாளையிலேருந்து ரெண்டு பேருக்கும் ரசமே கெடையாது!” என்று குரல் கொடுத்தாள். நான் எழுந்து அஞ்சு போட்டேன்.

நாடு சுதந்திரம் அடையப்போகும் நாளை எங்கள் மலாக்காவில், பண்டா ஹிலிர் திடலில்தான் அறிவித்தார்கள். பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல வெயில். கூட்டத்தில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று தோளில் தூக்கி வைத்துக்கொண்டேன். எல்லோரும் மலாயில் ‘மெர்டேக்கா’, அதாவது சுதந்திரம், என்று கை உயர்த்தும்போது அவளும் உயர்த்தினாள். அவள் குரல் என் உச்சந்தலையில் இடித்தது. கொஞ்ச நேரத்தில் என் முதுகில் வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது. அவள் கை உயர்த்தியபடியே இருந்தாள். நானும் அவளை இறக்கவில்லை.

திரும்பும் வழியில் சாலையோரக் குழாயைத் திறந்து, “வெயில் தாங்கலடா,” என்று தலையோடு சட்டையையும் நனைத்துக்கொண்டேன். அவள் மேலும் இறைத்தேன். “எனக்கு?” என்றான் பையன். அவனுக்கும் ஊற்றினேன். மூவரும் சொட்டச் சொட்ட வீட்டுக்குள் நுழைந்ததும், “பண்டா ஹிலிர்ல மட்டும் மழையா?” என்று கேட்டாள் என் மனைவி.

அன்று சாயங்காலம் அண்ணன் போகும்வரை காத்திருந்து அவள் விளக்கின் முன் வந்தாள்.

“பிள்ளையாரே, அப்பா தோள்மேலயே ஒன்னுக்குப் போயிட்டேன். ரொம்ப நேரமா முட்டிக்கிட்டு இருந்துச்சு. சொன்னா எறக்கி விட்ருவாரு. நான் எறங்கினா மெர்டேக்கா முடிஞ்சிரும்னு நெனச்சேன். அதான்.”

எனக்கு அவளைத் தூக்கிக்கொள்ளத் தோன்றியது. சிரிப்பும் வந்தது. “இதுக்குத் தோப்புக்கரணம் வேணாம் பாப்பா,” என்றேன்.

“இல்லப்பா, அது உங்க நல்ல சட்டை. பத்து.” போட்டு முடித்தாள். “அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க.”

“உனக்கும் எனக்கும் பிள்ளையாருக்கும் மட்டும்தான்,” என்றேன்.

ஒரு மாதம்கூட நான் வாயை அடக்கவில்லை.

கிடங்கில் என்னோடு ஒரே மேசையில் ஒன்பது வருடமாக வேலை பார்த்த கூட்டாளி ஒருவன். ஷீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அழுக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே பேசுவோம். தீபாவளிக்கு அவன் வீட்டில் நாங்கள், பொங்கலுக்கு எங்கள் வீட்டில் அவர்கள். என் மகள் அவனைச் சித்தப்பா என்பாள். கலைநிகழ்ச்சிகளுக்குச் சிரிப்பு நாடகம் எழுதி அவனே நடிப்பான். அவனிடம் சொன்னேன். பெருமையில்தான். ஏழு வயதில் எப்படி யோசித்திருக்கிறாள் பார் என்ற பெருமை.

“யார்கிட்டயும் சொல்லிடாதய்யா,” என்றேன்.

“நமக்குள்ள என்னய்யா! எம்பிள்ளை மாதிரி அது.”

மறு வருடம் சுதந்திரம் வந்தது. அந்த மாதம் எங்கள் பக்கத்துத் தமிழர்கள் சேர்ந்து ஒரு கலைநிகழ்ச்சி வைத்தார்கள். “முன் வரிசைல எடம் போட்டு வச்சிருக்கேன், பாப்பாவ கட்டாயம் கூட்டிவா,” என்று அவனே வந்து சொன்னான். ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் துணி எடுத்து அவளுக்குப் புதுக் கவுன் தைத்துப் போட்டுக் கூட்டிப்போனேன்.

மேடையில் தலையணை கட்டிய வயிற்றோடு அவன் வந்தான். அவன் தோளில் கவுன் போட்டு, சிவப்பு ரிப்பன் கட்டிய ஓர் ஆள். எதிரே தொப்பி வைத்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் வந்து முறைத்தார். “ஐயோ, துரை!” என்று நடுங்கி, அந்த ரிப்பன்காரன் ஒளித்து வைத்திருந்த குவளைத் தண்ணீரைத் தன்னைச் சுமந்தவன் தலையில் கவிழ்த்தான். இவன் முகத்தை வழித்துவிட்டு, “மெர்டேக்கா மழை பேஞ்சிருச்சுடோய்!” என்று கத்தினான். கொட்டகையே சிரித்தது. விஷயம் தெரியாத என் பையனும் விழுந்து விழுந்து சிரித்தான்.

அதோடு விட்டிருந்தாலும் போயிருக்கும். திரை மூடுவதற்கு முன் அவன் கையை நீட்டி, “கதைக்குச் சொந்தக்காரி முன் வரிசைல உக்காந்திருக்கா, ஒரு கைத்தட்டு குடுங்க!” என்றான்.

மகள் மேடையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

மேடைக்குப் பின்னால் போனேன். பவுடரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“என்னய்யா இப்படிப் பண்ணிட்ட?”

“என்ன பண்ணிட்டேன்? பேர் சொன்னேனா?”

“கைய நீட்டிக் காட்டினியே!”

“பிள்ளைக்குக் கைத்தட்டு வாங்கிக் குடுத்தேன்யா. சந்தோசப்படுவியா…”

“துரையப் பாத்துப் பயந்துச்சுன்னு நான் சொன்னேனா?”

“நீ சொன்ன மாதிரியே போட்டா யாருய்யா சிரிப்பா?” என்றான்.

திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து அவள் குழாயடிக்குப் போனால், “துரை வர்றாரு, ஓடு!” என்று பிள்ளைகள் கத்தின. கொட்டகையில் வந்து உட்கார்ந்திருந்த செட்டி வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வராது. ஆனால் குவளைத் தண்ணீர் அவர்களுக்கும் புரிந்திருந்தது. “மெர்டேக்கா, மெர்டேக்கா” என்று அவர்களும் கூவினார்கள். அவள் குடத்தை வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

என்னிடம் பேச்சு நின்றது. கேட்டதற்குத் தலையாட்டல்தான். சாயங்காலம் விளக்கின் முன் வருவாள், காதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், வாய் திறக்கமாட்டாள். தானாகவே ஏதோ எண்ணிக்கையில் போட்டுவிட்டுப் போவாள். என்ன தப்பு, எத்தனை, எதுவும் எனக்குத் தெரியாது. நான் அவனைத் திட்டிக்கொண்டே இருந்தேன். துரோகி என்றேன், பத்து வருடம் ஒன்றாக உட்கார்ந்து தின்றவன் என்றேன்.

என் மனைவி இந்தத் திட்டைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய் ஒரு நாள் சொன்னாள்: “அவரு நாடகம் போட்டாரு, சரிங்க. கதைய யாரு குடுத்தா?”

அன்று விளக்கேற்றியதும் பிள்ளைகளுக்கு முன்னால் நான் போய் நின்றேன். காதைப் பிடித்துக்கொண்டேன். “பிள்ளையாரே, என் மக உங்ககிட்ட சொன்னத நான் வெளிய சொல்லிட்டேன். வாக்கு குடுத்துட்டு மீறிட்டேன்,” என்றேன். மகளிடம் திரும்பி, “எத்தனைன்னு நீயே சொல்லு,” என்றேன்.

ஒன்பது நாளுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் சொல், “நூத்தியெட்டு.”

“யம்மாடி!” என்றான் பையன்.

போட்டேன். முப்பதுக்கு மேல் முழங்கால் கெஞ்சியது. அவள் எண்ணினாள். ஒரு கையை எடுத்து வேட்டியை இறுக்கினால், “இது செல்லாது,” என்பாள். எழுபதில் பையன், “பாவம், விட்ருடி,” என்றான். “பாவம்னா நீ பாதி போடு,” என்றாள். அவன் மெல்ல நகர்ந்துகொண்டான். முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவள் பக்கத்தில் வந்தாள். “அப்பா, துரையப் பாத்துப் பயந்தேன்னா சொன்னீங்க?”

“இல்ல பாப்பா. நீ சொன்னபடியேதான் சொன்னேன்.”

“நான் பயப்படவே இல்ல.”

“தெரியும்.”

“இனிமே உங்ககிட்ட பேசுறேன். ஆனா பிள்ளையாருகிட்ட மனசுக்குள்ளதான் சொல்லுவேன்.”

சொன்னபடியே நடந்தாள். கல்யாணமாகிப் போகும்வரை தினமும் அந்த விளக்கின் முன் வந்து நின்றாள். அவள் குரலை அங்கே நான் மறுபடி கேட்கவில்லை. பையன் தன் தப்புகளைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தான், நாங்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். அவள் பக்கம் வந்ததும் அந்த மூலை அமைதியாகிவிடும். பிள்ளையாருக்குக் கேட்டிருக்கும். எனக்குத்தான் கேட்காமல் போயிற்று.

கிடங்கில் நான் வேறு மேசைக்கு மாறிக்கொண்டேன். சின்ன விஷயத்துக்குக் கோபித்துக்கொண்டான் என்று அவன் மற்றவர்களிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டான். அவனுக்காகவும் வேண்டிக்கொள்கிறேன். கும்பிட்ட கை சேர்ந்தாலும் மனது முழுதாகச் சேர்வதில்லை. பொய் எழுதக்கூடாது என்பதால் இதையும் எழுதுகிறேன்.

மகள் இப்போது உஜோங் பாசிரில் இருக்கிறாள், அவளுக்கும் பிள்ளைகள். எழுதட்டுமா என்று போய்க் கேட்டேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிராமலே, “எழுதுங்கப்பா. ஆனா துரை வேணாம்,” என்றாள்.

துரையை எழுதவேண்டியதாகிவிட்டது. அவர் இல்லாமல் நடந்ததைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆகவே படிக்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். இதை உங்கள் வீட்டில், வேலை செய்யும் இடத்தில், யாரிடம் சொன்னாலும் சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் சிரிப்பு வரவேண்டும் என்று ஒன்றைச் சேர்க்கவோ எடுக்கவோ வேண்டாம். என் மகள் அன்று யாரையும் பார்த்துப் பயப்படவில்லை. அதை அப்படியே சொல்லுங்கள்.