மதர்போட்டும் அண்ணாவின் முகமும்

கிளிநொச்சியில் நான் வழக்கமாகப் போகிற கணினிக் கடைக்காரர் நல்ல மனுசர்தான். ஆனால் அவர் வாயிலிருந்து நல்ல செய்தி எதுவும் நான் கேட்டதில்லை. அன்றைக்கும் என் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே ரோர்ச் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இந்தப் போட்டில இதுக்கு மேல மெமரி போடேலாது தங்கச்சி. கூட வேணுமெண்டால் மதர்போட்டை மாத்தோணும்."

"அப்ப அதை மட்டும் மாத்துங்கோ."

"அதை மாத்தினால் புரொசெசரையும் மாத்தோணும். இப்ப கிடக்கிற மெமரியும் புதுசில கொழுவாது. எல்லாம் ஒண்டோட ஒண்டு."

பொத்தான் தைக்கக் கொண்டுபோனவளிடம் சட்டையையே மாற்று என்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரணைமடுப் பக்கம் வரும் பஸ்ஸில் ஏறினேன். மடியில் அது கனத்தது. பக்கத்தில் இருந்தவர் ரீவிப் பெட்டியா என்று கேட்டார். ஓம் என்றேன். விளக்கம் சொல்லும் நிலையில் நான் இல்லை.

என் பிழைப்புக்கு அந்தப் பெட்டி போதும். செத்தவீடு நடந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையில் கொடுக்கிற நினைவுப் புத்தகத்தை எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்போம். நான் வீட்டில் இருந்து கல்வெட்டு வடிவமைக்கிறவள். முன்பக்கத்துக்கு இறந்தவரின் படம் வேண்டும். இங்கே பலரிடம் படமே இல்லை. போரின் கடைசி இடப்பெயர்வில் வீடுகளோடு அல்பங்களும் போய்விட்டன. கலியாணக் கூட்டத்தின் மூலையில் நிற்கும் தலை, அடையாள அட்டையின் மங்கிய முகம், எதைக் கொண்டுவந்தாலும் வெட்டி எடுத்து, கோட்டும் கழுத்துக்கு ரையும் போட்டுவிடுவேன். வயலை விட்டு வெளியே போகாத மனுசரெல்லாம் என் கையால் கோட் போட்டுத்தான் மேலே போயிருக்கிறார்கள். வீட்டாருக்கு அதுதான் பிடிக்கும்.

கூடுதல் மெமரி கேட்டது இந்த வேலைக்கு அல்ல. அண்ணாவுக்கு.

அண்ணா போரின் அந்தக் கடைசி நாட்களில் காணாமல் போனவர். காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டுத் தெருவோரப் பந்தலில் இருக்கும் தாய்மாரோடு என் அம்மாவும் போய் இருக்கிறார். மற்ற அம்மாமாரின் மடியில் பிள்ளையின் படம் இருக்கும். அம்மாவின் மடியில் பெயர் எழுதிய மட்டை. பத்திரிகைக்குப் படம் பிடிக்க வருகிறவர்கள் அம்மாவைத் தாண்டிப் போய் அடுத்தவருக்கு முன்னால் குந்துவார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து அம்மா சாப்பிடமாட்டார்.

அண்ணாவின் படம் ஒன்று கேட்காத சொந்தம் இல்லை. போன வருசம்தான் கனடாவில் இருக்கும் மாமி, நான் பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்திய வீட்டு வீடியோ கசெற்றின் பிரதி ஒன்று தன்னிடம் கிடக்கிறது என்றார். இங்கே கோயில் திருவிழாவுக்கு வந்தவர்களிடம் கொடுத்தும் விட்டார். பழைய வீடியோ டெக் ஒன்றை இரவல் வாங்கி அதைக் கணினியில் ஏற்றினேன். அம்மா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தார்.

அண்ணா அந்தக் காலத்தில் வீடியோக்காரரோடு வெளிச்சத்துக்கு லைற் பிடிக்கப் போகிறவர். என் சாமத்திய வீட்டிலும் அவர்தான் பிடித்தார். ஆகவே எல்லாரும் தெரிந்தார்கள், அவரைத் தவிர. ஆலாத்தி எடுத்த பெண்கள், பலகாரத்துக்குக் கை நீட்டிய பிள்ளைகள், கண் கூசி முகத்தைச் சுளித்த நான். கடைசியில் குடும்பமாய் நின்று எடுக்கும் இடம் வந்தது. அப்பா கமராவுக்கு இந்தப் பக்கம் பார்த்து, நீயும் வா என்று கை காட்டுகிறார். லைற் ஆடுகிறது. கீழே இறங்குகிறது. அண்ணா அதைக் கதிரையிலோ எதிலோ வைத்துவிட்டார். படம் இருட்டிப்போகிறது. அந்த இருட்டுக்குள் ஒரு கறுப்பு உருவம் வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. கொஞ்ச நேரம்தான். பிறகு வேறு காட்சி.

அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். "வந்து நிக்கிறான். என்ர பிள்ளை வந்து நிக்கிறான். வெளிச்சத்தைக் கூட்டு பிள்ளை."

கூட்டினேன். புள்ளி புள்ளியாய்ச் சாம்பல்தான் வந்தது. இப்போது இருட்டுப் படத்தில் முகம் எடுத்துத் தரும் புரோகிராம்கள் இருக்கின்றன. அதில் ஒன்றை இறக்கிப் போட்டேன். பெரிதாக எடுக்கக் கேட்டால், மெமரி போதாது என்று பாதியில் நின்றது. தபால் முத்திரை அளவில் கேட்டால் தந்தது. வடிவான ஒரு பெடியன். சீவிய தலை, திருத்திய புருவம். இன்னொரு தடவை கேட்டேன். அதே இருட்டிலிருந்து வேறொரு பெடியன் வந்தான். பிறகு இன்னொருவன். அது தேடி எடுக்கவில்லை, தானாக வரைகிறது. எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியும்தான் கடைக்குப் போனேன். பெரிய மெசின் இருந்தால் திரும்பத் திரும்ப எடுக்கலாம், எப்போதாவது ஒன்று அண்ணாவாக வந்துவிடாதா என்று ஒரு பைத்தியக்கார ஆசை. கடைக்காரரிடமே கொடுத்துச் செய்விக்கலாம்தான். அண்ணாவின் முகத்தை ஆரோ ஒருவர் தெரிவு செய்வதா?

பஸ்ஸால் இறங்கி வந்து நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். புதுப் பெட்டிக்குப் பசுவை விற்போம் என்றார். அது வரைகிறது அம்மா, அண்ணா இல்லை என்றேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஊராக்களுக்கெல்லாம் கோட்டுப் போட்டுக் குடுக்கிறாய். என்ர பிள்ளைக்கு ஒரு முகம் போட்டுத் தரமாட்டியோ?"

கணினியைக் கொழுவி, சேமித்து வைத்திருந்த அந்தச் சின்ன முகங்களைத் திறந்தேன். பெற்றவளுக்குத் தெரியாமலா போகும்? எது கிட்ட வருகிறது என்று அம்மா காட்டினால் அதையே பிடித்துக்கொண்டு போகலாம், பசு போனாலும் பரவாயில்லை என்று நினைத்தேன்.

முதல் முகத்தைக் காட்டினேன். "ஓம், இவன்தான்" என்று அம்மா திரையைத் தடவினார். அடுத்ததைக் காட்டினேன். "இவன்தான்." அதற்கும் அடுத்ததைக் காட்டினேன். அம்மா வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டார்.

"எனக்கு அவன்ர முகம் வருகுதில்லைப் பிள்ளை," என்றார். "நீ சொல்லு. உனக்குத் தெரியும்தானே?"

நான் கண்ணை மூடிப் பார்த்தேன். லைற்றின் வெளிச்சம்தான் வந்தது. அதற்குப் பின்னால் இருந்த முகம் வரவேயில்லை. எனக்கும் தெரியாது அம்மா என்று சொன்னபோது என் வாழ்நாளில் அழாத அழுகை அழுதேன். அம்மா என்னைத் தேற்றவில்லை. தேற்றுகிற நிலையில் அவர் இல்லை.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அதுகளை அழி," என்றார். "அந்தக் கறுப்புப் படத்தையே எடுத்துத் தா. அதுக்குள்ள நிக்கிறதெண்டாலும் அவன்தானே."

அதற்குப் பழைய பெட்டியே போதுமாக இருந்தது. கடைக்காரருக்குப் போன் எடுத்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். படத்தைப் பெரிதாக அடித்துச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். இப்போது அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டுதான் பந்தலில் இருக்கிறார். படம் பிடிக்க வருகிறவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, இதில் மகன் எங்கே அம்மா என்று கேட்கிறார்கள். அம்மா கண்ணாடியின் மேல், ஒன்றும் தெரியாத அந்த இடத்தில், விரலை வைத்துக் காட்டுகிறார்.