பக்கத்துக் கட்டில்காரி தந்த துணி

எழுபதுகளின் தொடக்கத்தில், ராயபுரத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் என் மகள் பிறந்தாள். இன்னும் நாள் இருக்கிறதே என்று நினைத்திருந்தபோது திடீரென்று வலி வந்துவிட்டது. அவசரமாகக் கிளம்பியதில் பிள்ளையைச் சுற்ற ஒரு பழந்துணிகூட எடுத்து வரவில்லை. மாமியார் வெளியே போய் ஒரு துண்டு வாங்கி வந்தார். புதுத்துண்டின் விறைப்பு உறுத்தியதோ என்னவோ, பிள்ளை ஓயாமல் அழுதாள்.

பக்கத்துக் கட்டிலில் எண்ணூர்க்காரி ஒருத்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முந்தின நாள் அவளுக்குப் பிறந்த குழந்தை உயிரோடில்லை. இந்த அழுகை அவள் காதிலும் விழுமே என்று நான் கூசிப்போனேன்.

அவள் மெல்ல எழுந்தாள். தலைமாட்டிலிருந்த மூட்டையை அவிழ்த்து, மடித்து வைத்திருந்த பழம்புடவைத் துண்டு ஒன்றை நீட்டினாள்.

"இத்த சுத்துக்கா. எங்கம்மா பொடவ. தோச்சித் தோச்சி பஞ்சாட்டம் கீது."

மாமியார் கண்ணாலேயே வேண்டாம் என்றார். இறந்த பிள்ளைக்கென்று வைத்திருந்த துணி. எனக்கும் ஒரு கணம் பயமாகத்தான் இருந்தது. ஆனால் துணியை நீட்டியபடியே அவள் என் பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயே சுத்திவுடும்மா" என்றேன்.

அவள் பிள்ளையை மடியில் போட்டு, கைகால்களை அடக்கி, இதமாகச் சுற்றினாள். பிள்ளையின் அழுகை அடங்கியது. அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். மாமியார் எழுந்து போய் அவள் தலையைத் தன்னோடு அணைத்துக்கொண்டார்.

எனக்கு அந்தத் துணி தேவைப்பட்டதைவிட, அதை ஒரு பிள்ளைக்குச் சுற்றிப் பார்ப்பது அவளுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல இருந்தேனே என்று நினைத்தால் இன்றும் மனசு பதறுகிறது.